ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கிய பேஸ் பெட்டி

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணினால், முதல் கை முடிவதற்குள் இருளப்பன் பெயர் வந்துவிடும். இது சும்மா சொல்லும் பேச்சில்லை. முப்பத்து நாலு வருசமாகக் கல்யாண வீடு, கோயில் திருவிழா, ஹோட்டல் விருந்து என்று வாசித்து வாசித்து, வலது கையின் இரண்டு விரல் நுனியும் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டன. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் மடுல்கெல்லைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மழை பெய்யாத நாட்களில் மட்டும். பாட்டை எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பாடிக் காட்டினால் போதும், இரண்டாவது தடவை கூடவே வருவார்.

பதினாறு வயதில் கண்டி மார்க்கெட்டுக்குக் கோவா, கரட் மூட்டை சுமக்க வந்தவர் அவர். ஒரு பைலாப் பாட்டுக் கோஷ்டிக்காரர்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டது. மூட்டை தூக்கியவனுக்குப் பெட்டி ஒரு பாரமா? இறக்கி வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் நின்று, பேஸ் வாசிக்கிறவனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அந்த ஆள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தான். அன்றைக்கு மேடை ஏறியவர்தான், இன்னும் இறங்கவில்லை. இப்போது குண்டசாலையில் சொந்த வீடு இருக்கிறது. எட்டு ஆட்களை வைத்து வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் இருக்கிறது. "யாரு குடுத்தது? இந்தக் கை குடுத்தது" என்று சொல்லிக் கையை நீட்டுவார். பார்க்காமல் இருக்க முடியாது, மூக்குக்கு நேரே நீட்டுவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தன் இடமே பறிபோகும் நிலைமைக்கு வந்து நின்றார்.

அவருடைய கோஷ்டி மூன்று பேர் கொண்டது. தலைவர் ஜனார்த்தனன் கீபோர்ட் வாசித்துக்கொண்டே பாடுவார், சுதேஷ் டிரம்ஸ், இருளப்பன் பேஸ். ஜனார்த்தனனின் கெராஜில்தான் ஒத்திகை. அன்றைக்கு வாத்தியத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. ஜனார்த்தனன் காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். குண்டசாலையில் ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புல்வெளியில் வாசிக்க ஆள் தேடுகிறது. ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வருகிற ஞாயிறு ஒருதடவை வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் தொடரலாம்.

"நல்லதுதானே" என்றார் இருளப்பன்.

"நல்லதுதாண்ணே. ஆனா பெரிய ஸ்பீக்கர் கட்ட உடமாட்டாங்க. அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க முன்னுக்கே பொலிசுக்குப் போயிருக்காங்களாம். அவங்கவங்க சத்தத்துக்கு அவங்கவங்க சின்னப் பெட்டி கொண்டு வரணும்."

இங்கேதான் முடிச்சு. இத்தனை வருசமும் இருளப்பனின் கிட்டார் வயர், கல்யாண வீட்டு வாடகை ஸ்பீக்கரில்தான் போய்ச் செருகும். ஒத்திகைக்கு, பழைய கீபோர்ட்காரன் ஒருவன் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு பெட்டி இருந்தது. அவன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகும்போது அதையும் விற்றுவிட்டுப் போய்விட்டான். அம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கொம்போ என்ற சாமான் இருளப்பனிடம் ஒன்றுகூட இல்லை.

"யுகேஷ்கிட்ட புதுப் பெட்டி ஒண்ணு இருக்கு" என்றார் ஜனார்த்தனன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அவனும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

யுகேஷ் யாரென்று இருளப்பனுக்குத் தெரியும். திகனயில் பைனான்ஸ் கம்பனியில் வேலை செய்கிறவன், நாற்பது வயசு இருக்கும், வாசிப்பும் குறை சொல்ல முடியாத வாசிப்பு. பெட்டியைக் கேட்டானா, இடத்தைக் கேட்டானா என்று இருளப்பன் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று ஜனார்த்தனனின் முகமே சொன்னது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள என் சொந்தப் பெட்டியோட வாறேன். அந்தப் புல்வெளி முழுக்கக் கேக்கும். பெட்டியில ஒரு குறை வந்திச்சுன்னா நானே ஒதுங்கிக்கிறேன். ஒரு வார்த்தை கெஞ்ச மாட்டேன்."

சுதேஷ் டிரம்ஸ் கம்பைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, நாலு நாளுதான் இருக்கு. வீட்டுக்குப் பெயின்ட் நெறம் எடுக்கவே ஒங்க கஸ்டமர் ஒரு மாசம் எடுக்குறாங்க."

"அவங்க கஸ்டமர். நான் இருளப்பன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் சொன்னது என்னவென்று உறைத்தது. கிட்டாரைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வார். பெட்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அவர் வாயால் சொன்னதை இதுவரை கேட்டவர்களும் இல்லை.

புதன்கிழமை காலையில் மனைவி கலாராணியையும் கூட்டிக்கொண்டு கண்டி டவுனுக்குப் பஸ் ஏறினார். கலாராணி எதற்கு என்றால், சல்லி அவர் கைப்பையில்தான் இருந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம். அதற்கு மேலே ஒரு ரூபாயும் இல்லை என்று பஸ்ஸிலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

டவுனில் இருந்தது ஏசி போட்ட கடை, கண்ணாடிக் கதவு. உள்ளே டிலானி என்று சட்டையில் பெயர் குத்திய பெண் நின்றாள். தமிழ் பேசினாள், நன்றாகவே பேசினாள்.

"அங்கிளுக்கு ப்ரக்டிஸுக்கா, ஷோவுக்கா?"

"ரெண்டுக்கும். ஒரு பெட்டிதான், ரெண்டுக்கும் நிக்கணும்."

அவள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். நாற்பது வொட். பத்து அங்குல ஸ்பீக்கர். ஒரு கையால் தூக்கலாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். விலை கையிலிருந்ததை விட எண்ணாயிரம்தான் கூட, பேசினால் குறையும் போலத் தெரிந்தது. பெட்டி இரண்டு சுவர் சேரும் மூலையில் இருந்தது. இருளப்பன் தன் கிட்டாரைச் செருகி, தடித்த கம்பியில் தன் கைவரிசையைக் காட்டினார். கடையே அதிர்ந்தது. அலுமாரியில் தொங்கிய புல்லாங்குழல்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. டிலானி கை தட்டினாள்.

"பாத்தியா" என்று திரும்பினார். கலாராணியைக் காணவில்லை. மகளிடமிருந்து போன் வந்து வெளியே போயிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்க, வாசிங்க பாப்போம்."

"இவ்வளவு நேரமும் வாசிச்சேனே."

"வாசிச்சீங்களா? நான் கதவுக்கு வெளியிலதானே நின்னேன். ஒண்ணும் கேக்கலையே."

இருளப்பனின் முகம் சுருங்கியது. "கதவ தொறந்து வைம்மா, இன்னொருக்கா பாக்குறேன்" என்றார் டிலானியிடம். ஏசி போட்டிருக்கும்போது கதவைத் திறந்து வைக்க முதலாளி விடமாட்டார் என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிள், உண்மையச் சொன்னா இது ரூமுக்குள்ள ப்ரக்டிஸ் பண்ணத்தான் நல்லது. டிரம்ஸோட வெளியில வாசிக்கிறதுன்னா நூறு வொட்டாவது வேணும். அது எங்கக்கிட்ட ரெண்டு லட்சத்துக்கு மேல" என்றாள்.

நல்ல பெண். விற்கத்தான் நின்றாள், ஆனாலும் உள்ளதைச் சொன்னாள். ஆனால் இருளப்பனுக்கு அந்த நேரத்தில் அது நன்மையாகத் தெரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அங்கிளாம்" என்று மட்டும் சொன்னார்.

"அதுக்கென்னா இப்ப? அவ அப்பன் வயசுதானே ஒங்களுக்கு."

"நாள் ஒண்ணு போயிருச்சு கலா."

அப்போதுதான் கலாராணி அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் நாளைக் கணக்குப் பண்ணிப் பேசுவதைப் பார்த்துப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை திகனக்குப் போனார்கள். மெயின் ரோட்டில், எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் லாபிரின் கடை. ரேடியோ, மிக்ஸர், பழைய ஸ்பீக்கர், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான் எல்லாம் வாங்கி விற்பார், பழுதும் பார்ப்பார். பக்கத்து ஊரெல்லாம் அவரிடம்தான் வரும். கடைக்குள் நடக்க இடமில்லை. லாபிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க. என்ன தேடுறீங்க?"

"பேஸ் கொம்போ நானா. ஞாயித்துக்கிழமை வேல. லட்சத்து இருபதுக்குள்ள."

"ரெண்டு ஈக்கிது. ரெண்டும் அதுக்குள்ளதான்."

ஒன்றைத் துணியால் துடைத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது. முன்னால் வெள்ளி நிறத் தகடு, நீல வெளிச்சம், ஏழெட்டு குமிழ், இருநூறு வொட் என்று பெரிய எழுத்தில் ஒட்டிய சீட்டு. இன்னொன்று மூலையில் ஒரு வாஷிங் மெஷினுக்குக் கீழே கிடந்தது. முன்துணி கிழிந்து பொட்டுப் பொட்டாகத் தைத்திருந்தது. மூலைகளில் மரம் தெரிந்தது. ஸ்பீக்கர் பதினைந்து அங்குலம், சீட்டில் எண்பது வொட்தான். இரண்டு பேர் பிடித்துத்தான் வெளியே இழுத்தார்கள். முப்பது கிலோவுக்குக் குறையாது.

"இது யாரும் எடுக்குறதில்ல, பாரம்" என்றார் லாபிர். "அத எடுங்க. ஒங்களுக்குன்னு சொல்லி லட்சத்துப் பத்து."

இருளப்பன் இரண்டிலும் மாறி மாறிச் செருகி வாசித்தார். பளபளப்பானது காதுக்குப் பக்கத்தில் பிளந்து கட்டியது. கிழிந்தது சோம்பேறி மாதிரி, தூங்கி எழுந்து பேசுகிற மாதிரி ஒரு சத்தம். கலாராணிகூட பளபளப்பானதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கைப்பையின் சிப்பைத் திறந்துவிட்டார்.

"பொறு" என்றார் இருளப்பன்.

மடுல்கெல்லையில் காமன் கூத்துத் திருவிழாவுக்குத் தப்பு மேளம் காய்ச்சுவார்கள். தீயில் காட்டி இறுக்கி, அடித்துப் பார்ப்பார்கள். அப்போது அடிக்கிறவனின் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். அவன் காதுக்குப் பக்கத்தில் எந்தத் தப்பும் நல்ல தப்புத்தான். எதிர் மலையில் உள்ள லயத்து வீட்டு வாசலில் ஒரு ஆள் போய் நிற்பான். அவன் துண்டை வீசினால்தான் தப்பு சரி. வீசாவிட்டால் மறுபடி தீ. நேற்றுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற கலாராணி சொன்னது அதுதான். மூலையில் நின்று தன் வாசிப்பைத் தானே கேட்டுத் தானே மயங்கியிருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவன் செய்யக்கூடாத பிழை.

கிட்டாரைக் கழற்றிக் கலாராணியின் தோளில் மாட்டினார்.

"என்னங்க இது?"

"இந்தக் கம்பி. மேல உள்ளது. விட்டு விட்டு இழு. நிப்பாட்டாத. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறேன்."

"ரோட்ல ஆளுக பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் கைய தூக்கினா மத்தப் பெட்டிக்கு மாத்து. நானா, அந்தப் பெட்டிகள கடை வாசலுக்கு இழுத்து வைங்க. ரெண்டையும் ஒரே எடத்துல வைக்கணும். சுவர் பக்கத்துல வேணாம்."

லாபிர் இடுப்பில் கை வைத்தார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டு சாமான் வாங்கின ஆள நான் இண்டைக்குத்தான் பாக்குற."

மஹியங்கனை ரோடு அது. பஸ், லொறி, ஓட்டோ என்று ஓய்வே இல்லை. இருளப்பன் கடந்துபோய் ஒரு பேக்கரியின் முன்னால் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அவருடைய மனைவி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிட்டாரைப் பிள்ளையைப் போலத் தாங்கிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஒரே கம்பியை இழுத்துக்கொண்டிருந்தார். பளபளப்பான பெட்டி முதலில். ஒரு பஸ் போனது. பஸ் போன நேரமெல்லாம் பெட்டிச் சத்தத்தைக் காணோம். பஸ் போன பிறகு வந்தது, தகரத்தில் விரலால் தட்டுகிற மாதிரி, கிர்கிர் என்று. இருநூறு வொட் என்ற சீட்டு ரோட்டைத் தாண்டவில்லை.

கையைத் தூக்கினார். மாற்றினார்கள்.

ஒரு மரம் ஏற்றிய லொறி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வந்தது. லொறியின் சத்தத்துக்கு அடியில், அவருடைய செருப்புக்குக் கீழே, டும் என்று ஒன்று இருந்தது. லொறி போனது. டும் அங்கேயே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேக்கரிக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "எங்க கோயில்ல அடிக்கிறாங்க?" என்று கேட்டார்.

ரோட்டைக் கடந்து வரும்போது இருளப்பன் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ஓட்டோக்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான்.

"கிழிஞ்சது" என்றார் லாபிரிடம். "தொண்ணூறு."

"தொண்ணூத்தஞ்சு. ஸ்பீக்கர் ஏதும் ஆனா ஒரு மாசத்துக்குள்ள கொண்டாங்க, நான் ஈக்கிறேன்."

கலாராணி கிட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டார். "கல்யாணமான நாள்ல இருந்து இதத்தான் பெரிய வேலைன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இருளப்பன் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒருதடவைதான்.

ஏனென்றால் சனிக்கிழமை ஒத்திகையில் எல்லாம் தலைகீழானது.

ஜனார்த்தனனின் கெராஜுக்குத் தகரக் கூரை, கொங்கிரீட் தரை. ஓட்டோவில் கொண்டுபோய் இறக்கி, முதல் பாட்டைத் தொடங்கியதும் கூரை உறுமியது. டியூப் லைட் மூடி நடுங்கியது. பேஸில் எந்தச் சுரம் வாசித்தாலும் ஒரே சுரமாகக் கேட்டது, சேற்றில் கால் வைத்த மாதிரி.

சுதேஷ் வாசிப்பை நிறுத்தினான். "அண்ணே, வெளியில லொறி ஏதும் ரிவர்ஸ் எடுக்குதா?"

"வாயப் பொத்து."

"இல்ல, கேட்டேன். எடுத்தா என் சைக்கிள நகத்தி வைக்கணும்."

ஜனார்த்தனன் சிரிக்கவில்லை. "அண்ணே, இதுவா பெட்டி?"

இருளப்பன் குனிந்து, பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, மூலையில் கிடந்த இரண்டு பழைய கார் டயர்களின் மேல் வைத்தார். முப்பது கிலோவைத் தனியாகத் தூக்கினார், யாரையும் கைகொடுக்க விடவில்லை. பிறகு அடிச்சத்தத்துக்கான குமிழை முக்கால்வாசி குறைத்தார். மறுபடி வாசித்தார்கள். கூரை அடங்கியது. சுரம் பிரிந்தது. நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது, சமாளிக்கலாம்.

"இங்க இப்புடித்தான் இருக்கும். வெளியில வேற மாதிரி."

"வெளியிலதான் நாளைக்கு. சரி வரலன்னா?" ஜனார்த்தனன் கீபோர்டை மூடினார். "அண்ணே, ஒங்க வாசிப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஆறு மாச வேல. யுகேஷுக்கு வரச் சொல்லியிருக்கேன். அவன் பெட்டி வேன்ல இருக்கும். ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு பாப்பேன். மெனேஜர் மூஞ்சி மாறினா ஆளையும் மாத்துவேன், பெட்டியையும் மாத்துவேன். மனசில வச்சுக்காதீங்க."

இருளப்பன் வயரைச் சுற்றிப் பையில் போட்டார். "கெஞ்ச மாட்டேன்னு சொன்னேன்தானே" என்றார். குரல் அவ்வளவு சத்தமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. புல்வெளி சரிந்து ஆறு வரைக்கும் போனது. இருபது மேசை, வெள்ளை விரிப்பு. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். காற்று மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து அடித்தது. கூரையும் இல்லை, சுவரும் இல்லை. இருளப்பன் பெட்டியைப் புல்லின் மேல் வைத்து, தானும் அதற்கு முன்னால் நின்றார்.

யுகேஷ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். "அண்ணே" என்றான், மரியாதையாக.

இருளப்பன் சுற்றிப் பார்த்தார். ஜனார்த்தனனும் சுதேஷும் வாசிக்க வேண்டும். கலாராணி வரவில்லை, அவர் அவித்து விற்கும் இடியப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடர் இருந்தது. தூரத்தில் நின்று கேட்டுச் சொல்ல அந்தப் புல்வெளியில் தமிழ் தெரிந்த, பேஸ் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். அவனுடைய பெட்டியோ வேனுக்குள் காத்துக்கொண்டிருந்தது. தன் இடத்தைப் பிடிக்க வந்தவனின் கையிலேயே தன் காதைக் கொடுக்க வேண்டும். இதை விடக் கேவலம் வேறென்ன இருக்கு என்று நினைத்தார். ஆனாலும் வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தக் கடைசி மேசைப் பக்கம் போய் நில்லு. கூடினா கைய எறக்கு, கொறஞ்சா தூக்கு."

யுகேஷ் வேனை ஒருதடவை திரும்பிப் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டுப் போனான்.

முதல் பாட்டு தொடங்கியது. நாலு அடி வாசித்ததும் இருளப்பனுக்கு விசயம் விளங்கியது. தன் பேஸைத் தனக்கே கேட்கவில்லை. பெட்டி முழங்காலுக்குக் கீழே இருந்தது, சத்தம் காலைத் தாண்டி முன்னே ஓடிப்போனது, காதுக்கு ஒன்றும் ஏறி வரவில்லை. சுதேஷின் டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. பின்னால் கை விட்டுக் குமிழைத் திருப்பினார். இப்போது கொஞ்சம் கேட்டது. இன்னும் திருப்பினார்.

கடைசி மேசைப் பக்கம் யுகேஷ் கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க அமர்த்தினான். குறை என்று.

இருளப்பன் பார்க்காத மாதிரி பார்வையை மாற்றினார். இவன் சொல்வான். குறை குறை என்று சொல்லி, என் பெட்டியை ஊமையாக்கி, பிறகு ஜனார்த்தனனிடம் போய் ஒன்றும் கேட்கவில்லை அண்ணே என்பான். நானாக இருந்தால் என்ன செய்வேன்? அதையேதான் செய்வேன். இந்த நினைப்பு வந்ததும் இடது கை விரல் ஒரு சுரம் தவறி விழுந்தது. ஜனார்த்தனன் திரும்பிப் பார்த்தார்.

யுகேஷ் இரண்டு கையையும் நீட்டி அமர்த்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை. நடுவிலிருந்த ஒரு மேசையில் ஒரு அம்மா தன் கிளாஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையின் காதைப் பொத்தினார். ஹோட்டல் கதவில் மெனேஜர் அம்மா தோன்றினார். நேரே ஜனார்த்தனனைப் பார்த்தார். ஜனார்த்தனனின் கண் வேனைப் பார்த்தது.

பாட்டு முடிய இன்னும் ஒரு சுற்றுத்தான் இருந்தது. தன் காது ஒன்று சொன்னது, எதிரே நிற்கிறவனின் கை இன்னொன்று சொன்னது. முப்பத்து நாலு வருசமாகத் தன் காதை நம்பியே சோறு தின்றவர் இருளப்பன். பின்னால் கையை விட்டார். குமிழைத் திருப்பினார், கீழே. யுகேஷின் கை இன்னும் இறங்கியே இருந்தது. இன்னும் திருப்பினார். தன் சத்தம் தனக்கு முழுதாகச் செத்துப்போகும் வரைக்கும் திருப்பினார். அப்போதுதான் அங்கே அந்தக் கை அமர்த்துவதை நிறுத்தியது.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் அவர் செவிடன் மாதிரி வாசித்தார். சுதேஷின் வலது கால் பெடலை மிதிப்பதைப் பார்த்து, அந்த மிதிக்கு விரலை வைத்தார். கிட்டாரின் மரம் வயிற்றில் அதிர்வதை வைத்துச் சுரம் சரியா என்று தெரிந்துகொண்டார். எத்தனை பேரால் அது முடியும் என்று கேட்டுப் பாருங்கள். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் கதவைத்தான் பார்த்தார். மெனேஜர் அம்மா அங்கேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலாவது பாட்டில் உள்ளே போய்விட்டார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை.

இடைவேளை விட்டதும் இருளப்பன் நேரே கடைசி மேசைக்கு நடந்தார்.

"நெசமாத்தான் கைய காட்டினியா?"

யுகேஷ் சட்டைப் பொத்தானைத் திருகினான். "மொத பாட்டுல சும்மா நின்னுட்டா என்னான்னு யோசிச்சேன் அண்ணே. நீங்க கூட்டிக்கிட்டே போயிருப்பீங்க. ரெண்டாவது பாட்டுக்கு என் பெட்டி எறங்கியிருக்கும்."

"பின்ன ஏன் காட்டினே?"

"எனக்கும் காது இருக்குல்ல. வலிச்சிச்சு."

இருளப்பன் தன் காதைத் தடவிக்கொண்டார். அதற்குள் ஜனார்த்தனன் கையில் ஒரு காகிதத்தோடு வந்துவிட்டார். மெனேஜர் அம்மா சிங்களத்தில் சொன்னதை அப்படியே சொன்னார்: ஒருத்தரும் முறைப்பாடு சொல்லவில்லை, ஆட்கள் நிம்மதியாகக் கதைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள், பாடகரின் குரல் நன்றாக இருக்கிறது, டிரம்ஸ் ஆளும் நல்லம். அடுத்த ஞாயிறிலிருந்து ஆறு மாதம், இதே மூன்று பேர், இதே பெட்டிகள்.

"என்னப் பத்தி?" என்றார் இருளப்பன்.

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"பேஸப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

இருளப்பன் திரும்பி மேசைகளைப் பார்த்தார். புல்வெளி முழுக்கக் கேட்கும் என்று சொல்லிவிட்டு வந்தவர். முழுக்கக் கேட்டிருக்கிறது, ஒரு ஆளுக்கும் தெரியாமல். பெட்டியில் குறை இருந்தால்தானே யாராவது வாயைத் திறப்பார்கள். அவர் யுகேஷின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோஷ்டிக்காரர்களுக்குப் போட்டிருந்த மேசையில் உட்கார வைத்தார். ஒரு தட்டில் சோறும் மீன் துண்டும் போட்டு அவன் முன்னால் நகர்த்தினார்.

"சாப்புடு. ரெண்டாவது சுத்துக்கும் அங்கயே நிக்கணும்."

"நான் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகணும் அண்ணே."

"போகலாம். மூணரைக்கு முடியும்."

இது நடந்து இப்போது ஐந்தாவது மாதம். கிழிந்த துணிக்குப் பதிலாகக் கலாராணி ஒரு கறுப்புச் சேலைத் துண்டை வெட்டி அடித்துவிட்டார். பாரத்தைப் பற்றிச் சுதேஷ் இன்னும் முனகுகிறான். அந்த ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம் பேஸ் எப்படி என்று கேட்டால், பேஸ் இருந்ததா என்பார்கள். அந்த நாற்பது நிமிட வாசிப்பை வாசித்துக் காட்ட இந்தக் கண்டியில் இன்னொரு ஆள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குண்டசாலைக்கு வரட்டும். கிட்டார் அங்கே இருக்கும்.